தாக்கு வராத ஆண்டுகளில் தளர்ந்த நடை: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வருபவர் கொங்குப் பகுதியின் சிறு நகரம் ஒன்றில், மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை. அவருடைய ஒப்புதலோடுதான் இது எழுதப்படுகிறது. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியும் சிலவற்றை விட்டும் எழுதியிருக்கிறோம். தண்டுவட மரப்பு நோய் என்று தமிழில் வழங்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (இனி எம்.எஸ்.), மூளை, தண்டுவட நரம்பிழைகளைப் போர்த்தும் மையலின் என்னும் உறையை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே சிதைக்கும் நோய். அது அவரிடம் பத்தாண்டுகளுக்கு மேலாக எப்படி நடந்துகொண்டது என்பதைவிட, அதன் பின்பாதியில் நாங்கள் எதை நோயின் நகர்வாகக் கண்டோம், எதைக் காண்பதற்கு வேறு அளவுகள் தேவைப்பட்டன என்பதே இங்கு முதன்மையாகப் பேசப்படுகிறது.

2013-இன் இறுதியில், 27 வயதில், வலது கண்ணை அசைக்கும்போதெல்லாம் வலி இருப்பதாகவும், அந்தக் கண்ணால் பார்த்தால் சிவப்பு நிறம் வெளிறித் தெரிவதாகவும் அவர் கண் மருத்துவரிடம் சென்றார். பார்வை நரம்பு அழற்சி எனக் கண்டு, மெத்தில்பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் சிரை வழியே சில நாட்கள் ஏற்றப்பட்டது. ஊசியாகத் தர வேண்டுமா, மாத்திரை போதாதா என்று குடும்பத்தார் கேட்டனர். 1992-இல் வெளியான அமெரிக்கப் பார்வை நரம்பு அழற்சி ஆய்வு இதற்கு விடை தந்திருந்தது. சிரை வழியே தரும் ஸ்டீராய்டு பார்வை திரும்புவதை விரைவுபடுத்துமே தவிர இறுதி நிலையைப் பெரிதாக மாற்றாது. வழக்கமான அளவில் மாத்திரையை மட்டும் தருவதோ அழற்சி மீண்டும் வரும் வாய்ப்பைக் கூட்டிவிடும். பார்வை ஏறக்குறைய முழுமையாகத் திரும்பியது. மூளை எம்.ஆர்.ஐ. படத்தில் நீரறைகளை ஒட்டி இரண்டு தழும்புகள் இருந்தன. அவற்றை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது என்பதால், கண்காணிப்பில் இருக்குமாறு அறிவுறுத்தப்பட்டார்.

நோய் உறுதியானது

2015-இல் இரு கால்களிலும் மரமரப்பு தொடங்கி இடுப்பு வரை ஏறியது. கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வதுபோல் இருந்தது. கழுத்துத் தண்டுவடத்தில், ஒரு முள்ளெலும்பின் உயரத்தைத் தாண்டாத சிறிய தழும்பு ஒன்று படத்தில் தெரிந்தது. முதுகு நீரில், இரத்தத்தில் இல்லாத ஆலிகோகுளோனல் பட்டைகள் (நரம்பு மண்டலத்துக்குள்ளேயே உருவாகும் எதிர்ப்பொருள்களின் அடையாளம்) காணப்பட்டன.

இங்கே ஒரு சோதனையைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் சேர்த்துத் தாக்குவது எம்.எஸ். மட்டுமன்று, அக்வாபோரின்-4 எதிர்ப்பொருளால் வரும் நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்னும் வேறொரு நோயும் அவ்வாறே தாக்கும். எம்.எஸ்.ஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான் அந்த நோயை மோசமாக்கக்கூடியது. ஆகவே மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்பே அந்த எதிர்ப்பொருள் சோதனை செய்யப்பட்டது. அது இல்லை என்று வந்தது. இதேபோல் தாக்கும் மற்றொரு நோயைக் காட்டும் மாக் (MOG) எதிர்ப்பொருளுக்குச் சில ஆண்டுகள் கழித்துச் செய்யப்பட்ட சோதனையும் அப்படியே வந்தது. தழும்பின் நீளம், முதுகு நீர்ப் பட்டைகள், மூளைத் தழும்புகளின் இடம் ஆகிய மூன்றும் எம்.எஸ்.ஸையே சுட்டின.

தாக்குகளின் காலம்

2015 முதல் இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டார். 2017-இல் கை மரத்துப்போய் ஒரு மீள்தாக்கு, அதாவது நோய் மீண்டும் தலைதூக்கும் தாக்கு, வந்தது, தணிந்தது. அதே ஆண்டின் இறுதியில் குழந்தைப்பேற்றை எண்ணி மருந்து நிறுத்தப்பட்டது. கர்ப்ப காலம் அமைதியாகக் கழிந்தது. 2018-இல் மகப்பேறு முடிந்த இரண்டாம் மாதத்தில் இடது கால் வலுவிழந்தது. இது எதிர்பாராததன்று. ஐரோப்பாவில் நடந்து 1998-இல் வெளியான கர்ப்பகால ஆய்வு, கடைசி மூன்று மாதங்களில் மீள்தாக்கு வெகுவாகக் குறைவதையும், பேற்றுக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் முன்பிருந்ததைவிட அதிகரிப்பதையும் காட்டியிருந்தது.

கால் பெருமளவு தேறிய பின், 2019-இன் தொடக்கத்தில் ரிட்டுக்ஸிமாப் தொடங்கினோம். எதிர்ப்பொருள் உருவாக்கத்தில் பங்குள்ள வெள்ளணுக்களான பி-செல்களை அழிக்கும் ஓக்ரெலிசுமாப் 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றிருந்தபோதும், அதன் விலை இந்தக் குடும்பத்தால் தாங்கக்கூடியதாக இல்லை. அதே பி-செல்களைக் குறிவைக்கும் ரிட்டுக்ஸிமாப் இந்தியாவிலேயே தயாராகிக் குறைந்த விலையில் கிடைத்தது. எம்.எஸ்.ஸுக்கென முறையான ஒப்புதல் அதற்கு இல்லை என்பதைக் குடும்பத்துக்கு எழுத்து மூலம் சொல்லி, ஹெபடைட்டிஸ் பி, காசநோய்ச் சோதனைகளை முடித்த பிறகே மருந்து ஏற்றப்பட்டது. அந்தத் தேர்வுக்கு வலுச் சேர்க்கும் சான்றுகள் பின்னால் வந்தன: 2022-இல் வெளியான சுவீடன் ஆய்வில் ரிட்டுக்ஸிமாப் பெற்றவர்களில் 3 சதவீதத்தினருக்கும், டைமெத்தில் ஃப்யூமரேட் என்னும் எம்.எஸ். மாத்திரை பெற்றவர்களில் 16 சதவீதத்தினருக்கும் இரண்டு ஆண்டுகளில் மீள்தாக்கு வந்தது, 2023-இல் உலக சுகாதார நிறுவனம் எம்.எஸ்.ஸுக்கான இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் ரிட்டுக்ஸிமாபைச் சேர்த்தது.

அதன் பிறகு அவருக்கு ஒரு மீள்தாக்குகூட வரவில்லை.

அமைதியான நான்கு ஆண்டுகள்

2019 முதல் 2023 வரை ஆண்டுதோறும் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களில் புதுத் தழும்பு இல்லை, படத்துக்காக ஏற்றும் சாயமருந்தை ஈர்த்து ஒளிரும் தழும்பும் இல்லை. கோப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் ‘நிலையாக உள்ளது’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. தாக்கு, படம் ஆகிய இரண்டை மட்டும் வைத்துப் பார்த்தால் அது சரியான கூற்றுதான்.

கோப்புக்கு வெளியே வேறு செய்திகள் இருந்தன. முதல் மாடியில் பத்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர், தலைமையாசிரியரிடம் கேட்டுத் தரைத்தளத்திலுள்ள ஆறாம் வகுப்புக்கு மாறியிருந்தார். கரும்பலகையின் மேல்பாதியில் எழுதுவதை விட்டிருந்தார். பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளி வரை நடந்து போனவர், கணவரின் வண்டியில் போகத் தொடங்கியிருந்தார். இவற்றில் ஒன்றையும் அவர் நோயின் கணக்கில் சேர்க்கவில்லை. “வெயில் காலத்துல அப்படித்தாங்க டாக்டர், ஆடி பொறந்தா சரியாயிரும்” என்பதே அவர் சொன்ன விளக்கம்.

அந்த விளக்கத்தில் உண்மை இல்லாமலில்லை. உடல் சூடேறினால் மையலின் உறை இழந்த நரம்பிழைகளில் சைகை தடைப்பட்டு, பழைய குறைகள் தற்காலிகமாகத் தலைகாட்டும். ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்ஹோஃப் 1890-இலேயே இதைப் பதிவு செய்தார். சித்திரை, வைகாசியில் இவருடைய நடை மோசமாவதும், மழை தொடங்கியதும் தேறுவதும் வழக்கம். ஆனால் தேறிய நிலை ஒவ்வோர் ஆண்டும் முந்தைய ஆண்டின் நிலையைவிடச் சற்றுத் தாழ்ந்தே இருந்தது. ஒரு கோடையை அடுத்த கோடையோடு ஒப்பிட்டால் தெரியாத இந்தச் சரிவு, ஒரு மார்கழியை அடுத்த மார்கழியோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது.

அந்த ஒப்பீட்டுக்கு வழி செய்தது இயன்முறைச் சிகிச்சைப் பிரிவின் பதிவேடு. பேற்றுக்குப் பிந்தைய தாக்கிலிருந்து தேறிய பின், 2019 ஜனவரியில், 25 அடி தூரத்தை அவர் 5.2 நொடியில் நடந்ததாக அதில் குறிப்பு இருந்தது. 2023 டிசம்பரில் இயன்முறை சிகிச்சையாளர் அதே நடைச் சோதனையைத் திரும்பச் செய்தபோது 7.1 நொடி ஆனது. இந்தச் சோதனையில் 20 சதவீதத்துக்கு மேற்பட்ட மாற்றம் பொருட்படுத்தத்தக்கது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. இங்கே மாற்றம் ஏறத்தாழ 37 சதவீதம். கர்ட்ஸ்கே அளவுகோலில், அதாவது 0 முதல் 10 வரை இயலாமையை அளக்கும் அட்டவணையில், 2.5-இலிருந்து 4.0-க்கு வந்திருந்தார். துணையின்றி, ஓய்வின்றி ஏறத்தாழ 500 மீட்டர் மட்டுமே நடக்க முடியும் என்பது 4.0-இன் பொருள்.

வேறு காரணங்களைத் தேடியது

எம்.எஸ். உள்ளவரின் எல்லாத் தொல்லைகளையும் எம்.எஸ். தலையில் போடுவது எளிது, அதனாலேயே கூடாது. சிறுநீர்த் தொற்று ஒன்று மட்டுமே நடையைக் குலைத்து மீள்தாக்குபோல் தோற்றம் காட்டக்கூடும். சிறுநீர்ச் சோதனையில் தொற்று இல்லை. ஆனால் கழித்த பிறகும் பையில் கணிசமான அளவு நீர் தங்குவது அல்ட்ராசவுண்டில் தெரியவந்தது. வைட்டமின் பி-12 சைவ உணவு உண்பவர்களிடம் குறைவது வழக்கம் என்பதால் அதையும் பார்த்தோம்; போதுமான அளவு இருந்தது. கழுத்தெலும்புத் தேய்மானம் தண்டுவடத்தை அழுத்தவில்லை.

தைராய்டுச் சோதனைதான் எங்களைச் சில நாட்கள் அலைக்கழித்தது. முடிவுகள் தைராய்டு மிகைச் சுரப்பைக் காட்டின. ஆளைப் பார்த்தால் அதற்கான அறிகுறி ஒன்றுமில்லை. விசாரித்ததில், கணவர் எங்கோ படித்துவிட்டு உயர் அளவு பயோட்டின் வாங்கிக் கொடுத்துவருவது தெரிந்தது. இரத்தத்தில் பயோட்டின் மிகுந்தால் சில ஆய்வக முறைகளில் தைராய்டு அளவுகள் தவறாக வரும். நிறுத்திச் சில நாட்கள் கழித்து எடுத்த சோதனை இயல்பாக இருந்தது. சரிவு நிலையிலுள்ள எம்.எஸ்.ஸுக்கு உயர் அளவு பயோட்டின் உதவும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் மருத்துவர்களிடமும் இருந்தது. 642 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வு 2020-இல் அதை மறுத்துவிட்டது. கணவர் செய்தது அக்கறையால். அவரைக் கடிந்துகொள்ள எந்தக் காரணமும் இல்லை.

ஆறு மாதங்கள் கழித்து, 2024 ஜூலையில், நடை நேரம் மீண்டும் அளக்கப்பட்டது. மாறவில்லை. வெயிலும் தொற்றும் அல்லாத, நிலைத்துவிட்ட இழப்பு என்பது இதனால் உறுதியானது.

படத்தில் இதுவரை தேடப்படாதது

அதன்பின் 3 டெஸ்லா காந்தவலுவுள்ள கருவியில், இரும்புச் சத்தை உணரும் முறையோடு எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டது. புதுத் தழும்பு இப்போதும் இல்லை. ஆனால் பழைய தழும்புகளில் ஐந்தைச் சுற்றி மெல்லிய கரிய விளிம்பு தெரிந்தது. கழுத்துத் தண்டுவடம் 2015-இன் படத்தோடு ஒப்பிடுகையில் மெலிந்திருந்தது.

கரிய விளிம்பு என்பது தழும்பின் ஓரத்தில் இரும்பை உட்கொண்ட மைக்ரோகிளியா செல்கள் வரிசை கட்டியிருப்பதன் அடையாளம். மூளையின் சொந்தக் காவல் செல்களான இவை அங்கே கிளர்ந்த நிலையிலேயே இருந்து, ஆண்டுக்கணக்கில் அருகிலுள்ள மையலினையும் நரம்பிழைகளையும் அரிக்கின்றன. அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையங்களின் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய தழும்புகள் நான்கும் அதற்கு மேலும் உள்ளவர்கள் இளம் வயதிலேயே இயக்கக் குறைபாட்டையும் அறிதிறன் குறைபாட்டையும் அடைந்தது தெரிந்தது. ஒளிரும் தழும்பு இல்லை என்றால், இரத்தத்திலிருந்து மூளைக்குள் புதிதாக அழற்சிச் செல்கள் நுழையவில்லை என்றே பொருள். ஏற்கெனவே உள்ளே குடியேறிவிட்ட அழற்சியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

ரிட்டுக்ஸிமாப் ஏன் இதைத் தடுக்கவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. பெரிய மூலக்கூறான அது இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பைக் கடந்து மிகச் சிறு பங்கே உள்ளே செல்லும். மைக்ரோகிளியா அதன் இலக்குமன்று. இரத்தத்திலுள்ள பி-செல்களை நீக்கித் தாக்குகளை நிறுத்துவதே அதன் வேலை, அதை அது செய்தது.

நோயைப் பற்றிய பார்வை மாறிய விதம்

நாங்கள் படித்த காலத்துப் பாடம் எம்.எஸ்.ஸை இரண்டு கட்டமாகப் பிரித்தது: முதலில் தாக்கும் தணிவும், பல ஆண்டுகள் கழித்து, தாக்கே இல்லாத இரண்டாம் நிலைச் சரிவு. இந்தப் பிரிவினையின் மீது ஐயம் எழுவதற்கான காரணம் 2000-இலேயே இருந்தது. பிரான்சின் லியோன் நகரில் 1,844 நோயாளிகளைத் தொடர்ந்த ஆய்வு, கர்ட்ஸ்கே அளவுகோலில் 4-ஐ எட்டிய பிறகு, நடக்கத் துணைக்கோல் தேவைப்படும் 6-ஐ எட்டும் வேகத்தை மீள்தாக்குகள் பெரிதாக மாற்றுவதில்லை என்றது. பின்னர் ஓக்ரெலிசுமாப் ஆய்வுகளின் தரவை 2020-இல் அலசியபோது, தாக்கு வகை எம்.எஸ். உள்ளவர்களிடமே, நிலைத்த இயலாமையின் பெரும்பங்கு தாக்கோடு தொடர்பின்றிச் சேர்வது தெரிந்தது. ஆக, சரிவு பிற்காலத்தில் தொடங்குவதன்று. தொடக்கத்திலிருந்தே அடியில் ஓடிக்கொண்டிருப்பது. இளமையில் மூளை ஈடுகட்டிவிடுவதாலும் தாக்குகள் கவனத்தை இழுத்துக்கொள்வதாலும் அது தெரிவதில்லை.

நோயின் தொடக்கத்தையும் அதன் வேகத்தையும் வெவ்வேறாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு வேறு சான்றுகளும் சேர்ந்திருக்கின்றன. ஏறத்தாழ ஒரு கோடி அமெரிக்கப் படையினரின் பதிவுகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வு, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றுக்குப் பின் எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்காவதைக் காட்டியது. அது தொடக்கத்தைப் பற்றியது. 2023-இல் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் கண்ட மாறுபாடு ஒன்று வேகத்தைப் பற்றியது: பெற்றோர் இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்கள், நடக்கத் துணைக்கோல் தேவைப்படும் நிலையைச் சராசரியாக 3.7 ஆண்டுகள் முன்னதாக அடைகின்றனர். ஆசிரியை இதைக் கேட்டதும், தன் மகளுக்கும் சோதித்துப் பார்க்கலாமா என்றார். நோயுள்ளவரிடம் அதன் வேகத்தைக் கூட்டும் மாறுபாடு அது, நோயை வரவழைப்பதன்று. ஒருவரிடம் சோதித்துச் சிகிச்சையை மாற்றும் நிலையும் இன்னும் வரவில்லை. ஆகவே வேண்டாம் என்றோம்.

முடிவுகளும் காரணங்களும்

முதல் கேள்வி, ரிட்டுக்ஸிமாபைத் தொடர்வதா என்பது. சரிவைத் தடுக்காத மருந்து எதற்கு என்று கணவர் கேட்டது நியாயமான கேள்வி. தாக்குகள் முன்பு எப்படி வந்தன என்பதையும், மனைவியின் வயது 38 என்பதையும் எடுத்துச் சொன்னோம். 55 வயதைக் கடந்து, ஆண்டுக்கணக்கில் தாக்கின்றி இருந்தவர்களிடம் நடத்தி 2023-இல் வெளியான ஆய்விலேயே மருந்தை நிறுத்துவது தொடர்வதற்கு ஈடானது என நிறுவ முடியவில்லை. இளையவரிடம் நிறுத்த வலுவான காரணம் வேண்டும். எனவே தொடர்வது, ஆனால் தொற்றை எதிர்க்கும் இரத்தப் புரதமான இம்யூனோகுளோபுலின்-ஜி அளவு குறைந்துவருவதால், பி-செல் எண்ணிக்கையைப் பார்த்து இடைவெளியை நீட்டுவது என்று முடிவானது.

இரண்டாம் நிலைச் சரிவுக்கான மாத்திரையான சிபோனிமாடுக்கு மாறுவது பேசப்பட்டுக் கைவிடப்பட்டது. அதன் முதன்மை ஆய்வில் உறுதியான சரிவு 32 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாகக் குறைந்தது; அந்தப் பலன் அண்மையில் தாக்கோ ஒளிரும் தழும்போ இருந்தவர்களிடமே தெளிவாக இருந்தது. இவர் அந்தக் கூட்டத்தில் இல்லை.

டோலெப்ருடினிப் என்னும் புதிய மருந்தைப் பற்றி ஆசிரியையே கேட்டார். மூளைக்குள் நுழைந்து மைக்ரோகிளியாவையும் பாதிக்கக்கூடிய சிறு மூலக்கூறு அது. தாக்கில்லாத இரண்டாம் நிலைச் சரிவு உள்ள 1,131 பேரிடம் நடத்தி 2025-இல் முழுமையாக வெளியான ஆய்வில், ஆறு மாதம் நிலைத்த சரிவு ஒப்பீட்டுக் குழுவில் 30.7 சதவீதமாகவும் மருந்து பெற்றவர்களிடம் 22.6 சதவீதமாகவும் இருந்தது. இந்த வகை நோயாளிகளுக்கு இத்தகைய முடிவு புதிது. அதே ஆய்வில் கல்லீரல் பாதிப்பும் வந்தது. கல்லீரல் மாற்று அறுவைக்குப் பின் ஒருவர் இறந்தார். கடையில் வாங்கும் மருந்தாக அது அவருக்குக் கிடைக்கவில்லை. வெளிநாட்டு வழியில் தேடிப் பெறுவது, கல்லீரல் கண்காணிப்பு இல்லாமல் ஆபத்தாகும் என்று தெளிவாகச் சொன்னோம்.

மீதி முடிவுகள் அன்றாடத்தைப் பற்றியவை. சிறுநீரகச் செயல்பாட்டையும் வலிப்பு வரலாறு இல்லை என்பதையும் உறுதி செய்த பின், நடையை மேம்படுத்தும் ஃபாம்பிரிடின் 10 மி.கி. நாளுக்கு இருமுறை தொடங்கப்பட்டது. மூன்றில் ஒரு பங்கினருக்கே பலன் தரும் மருந்து என்பதால், நான்கு வாரத்தில் நடை நேரம் மாறாவிட்டால் நிறுத்துவது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம். பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் இலகுவான காலணைப்பு, தசை இறுக்கத்தைத் தளர்த்த இரவில் குறைந்த அளவு பேக்லோஃபென், தேங்கும் சிறுநீரை வடிகுழாயால் தானே அகற்றும் பயிற்சி ஆகியவையும் சேர்ந்தன. வடிகுழாயை ஏற்றுக்கொள்ள அவருக்கு வெகுநாள் பிடித்தது. செவிலியர் ஒருவர், மருத்துவர் யாரும் இல்லாத நேரத்தில் தனியாக உட்கார்ந்து பேசிய பிறகே சம்மதித்தார்.

தொடர்ந்து நடந்தது

ஃபாம்பிரிடின் அவருக்குப் பலன் தந்தது: நடை நேரம் 7.1-இலிருந்து 5.9 நொடிக்கு வந்தது. இதை நோய் பின்வாங்கியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவரிடமும் சொல்லியிருக்கிறோம். மையலின் இழந்த இழைகளில் சைகை கடக்க அந்த மருந்து உதவுகிறது, அவ்வளவே. சிறுநீர் தேங்குவது கட்டுப்பட்டதும் இரவில் எழுவது குறைந்தது, பகல் களைப்பும் பாதியாகக் குறைந்ததாகச் சொல்கிறார். எங்கள் கணிப்பில், மாத்திரைகள் எல்லாவற்றையும்விட அந்த உறக்கமே அவரை வேலையில் நிறுத்தியிருக்கிறது.

‘சரிவு’ என்ற சொல்லை அவரிடம் எப்போது சொல்வது என்பதில் எங்களுக்குள்ளேயே இரு கருத்து இருந்தது. சொன்னபோது அவர் அழுதார், பின்பு, “அப்ப நான் சோம்பேறி ஆயிட்டேன்னு நெனச்சது தப்புங்களா டாக்டர்?” என்று கேட்டார். மாமியார் வீட்டிலும் பள்ளியிலும் அப்படி ஒரு பேச்சு இருந்திருக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் எம்.எஸ்.ஸும் ஒன்று. 40 சதவீத வரம்பை அவர் எட்டுவதாக மருத்துவக் குழு மதிப்பிட்டு அடையாள அட்டை வழங்கியது. தரைத்தள வகுப்பு இப்போது தலைமையாசிரியரின் தயவைச் சார்ந்ததாக இல்லை.

எங்கள் நடைமுறையில் மாறியவை

இப்போது எம்.எஸ். உள்ள ஒவ்வொருவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 25 அடி நடை, ஒன்பது குழிகளில் முளைகளைப் பொருத்தும் கைச் சோதனை, குறியீடுகளுக்கு எண் பொருத்தும் அறிதிறன் சோதனை ஆகிய மூன்றும் நேரக் கணக்கோடு எடுக்கப்படுகின்றன. மூன்றும் சேர்ந்து கால் மணி நேரம் பிடிக்கும். நிறுத்து கடிகாரத்துக்கு மேல் பெரிய செலவில்லை. கோடையில் எடுத்த அளவைக் கோடையோடும், குளிர்காலத்து அளவைக் குளிர்காலத்தோடும் மட்டுமே ஒப்பிடுகிறோம். இயன்முறைப் பிரிவின் பதிவேடு தனியாகக் கிடப்பதில்லை. அதன் எண்கள் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டன. ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்ற கேள்வியோடு, ‘போன ஆண்டு செய்து இந்த ஆண்டு விட்டுவிட்டது எது’ என்பதையும் கேட்கிறோம். வீட்டிலிருந்து உடன் வருபவரிடம் அதைத் தனியே கேட்கிறோம்.

இரும்பை உணரும் எம்.ஆர்.ஐ. முறையை எல்லோருக்கும் எடுக்கச் சொல்வதில்லை. 2024-இல் திருத்தப்பட்ட நோயறி விதிமுறைகள் கரிய விளிம்பையும் தழும்பின் நடுவிலுள்ள சிரையையும் நோயை உறுதிப்படுத்தும் சான்றுகளாக ஏற்றுள்ளதால், புதிதாக நோய் காணப்படுபவர்களுக்கு முதல் படத்திலேயே அதைச் சேர்த்துவிடுகிறோம். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களில், எண்கள் சரிபவர்களுக்கு மட்டும் கேட்கிறோம்.

ஆசிரியையின் அண்மைய அளவு 6.0 நொடி. இம்யூனோகுளோபுலின்-ஜி இன்னும் கீழ் வரம்பை ஒட்டியே இருக்கிறது. அடுத்த ரிட்டுக்ஸிமாப், முந்தைய தவணையிலிருந்து ஒன்பதாம் மாதத்தில், பி-செல் எண்ணிக்கை வந்த பிறகு முடிவு செய்யப்படும்.